கார் வராத பாதையில் பர்கண்டி: வருடக்கணக்கில் மிதித்த பிறகு

பிரான்சின் பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நேராகப் போய் இறங்குவது போன் நகரத்தில். எங்கே தொடங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களும் பாதி முடிவோடுதான் வருகிறார்கள்: போன்தானே? நான் தெற்கே கை காட்டுவேன். லியோனில் குடியிருப்பதால், வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்புவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மகளை டிரெய்லரில் வைத்து இழுத்த காலம் போய், அவள் முன்னால் பறந்துவிட்டு அடுத்த வளைவில் நின்று எங்களைக் கிண்டல் செய்கிற காலமும் வந்துவிட்டது. 'கார் வராத பாதை' என்ற ஒரே பெயரில் இங்கே மூன்று வேறு வேறு சரக்கு கிடைக்கிறது. தோட்டங்களுக்குள் போகும் காங்கிரீட் பாதை, கால்வாய்க் கரை, பழைய ரயில் தடம். எது உங்களுக்கு என்பது யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்தப் புகழ்பெற்ற பாதை. போனிலிருந்து சாந்தனே வரை சுமார் 22 கிலோமீட்டர். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி, ஷசாஞ் என்று ஒயின் பட்டியலில் படித்த பெயர்களெல்லாம் வரிசையாக ஊர்ப் பலகைகளாக வரும். கற்சுவர் கட்டிய துண்டு துண்டு நிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு எல்லை. இந்த அமைப்பைத்தான் 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மொன்ராஷே என்ற தோட்டம் மொத்தமே சுமார் 8 ஹெக்டேர்தான். அதன் ஒரு பாட்டில் விலையில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். ஆனால் பார்க்க அதுவும் பக்கத்துத் தோட்டம் மாதிரியேதான் இருக்கிறது.

அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இது கார் வராத பாதையே தவிர, வண்டி வராத பாதை இல்லை. இது தோட்டக்காரர்களின் வேலைப் பாதை, நாம் விருந்தாளிகள். அவர்களுடைய டிராக்டரைப் பார்த்தால் மகள் இன்னமும் வாயைப் பிளக்கிறாள். இங்கே கொடியை இடுப்பளவுக்கு மேல் அதிகம் வளரவிடுவதில்லை, வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர்தான் இடைவெளி. அதனால் டிராக்டருக்கு நீண்ட கால்கள். ஒரு வரிசைக் கொடியைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, ஓட்டுநர் மாடியில் உட்கார்ந்திருப்பதுபோல் நகரும். அது எதிரே வந்தால் சைக்கிளைப் புல்லில் இறக்கி ஒதுங்க வேண்டியதுதான். பெரும்பாலும் கையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்புறம் ஏற்ற இறக்கம். வரைபடத்தில் தட்டையாகத் தெரியும் இந்தச் சரிவு, ஊருக்கு ஊர் ஒரு சிறு மேட்டை வைத்துக் காத்திருக்கும். பின்னால் டிரெய்லரோடு பொம்மாரிலிருந்து வொல்னேவுக்கு ஏறும்போது ஒயினைப் பற்றிய எண்ணமே வராது. மே, ஜூனில் மருந்தடிப்பு வேறு. நம் ஊர் விவசாயிகளுக்கும் தெரிந்த அதே போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும். கூடவே கந்தக வாடை. காலையில் தெளிக்கும் வண்டி தெரிந்தால் நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் ஊருக்குள் ஒரு காபி குடித்துவிட்டு வருவோம். எனக்குப் பிடித்தது குளிர்காலக் கடைசிதான். கவாத்து நடக்கும் நேரம். எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி, ஒற்றைச் சக்கரம் வைத்து ஒரு தள்ளுவண்டி செய்திருப்பார்கள். அதற்குள் நெருப்பு. வெட்டிய கொடிக் குச்சிகளை அந்தந்த இடத்திலேயே அதில் போட்டு எரித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வரிசையில் முன்னேறுவார்கள். சாம்பல் அதே மண்ணில் விழுகிறது, குளிருக்குக் கையும் காய்கிறது.

கால்வாய்க் கரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாந்தனேவில் தோட்டப் பாதையை விட்டு இறங்கினால், சோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் இணைக்கும் சாந்த்ர் கால்வாய். அதன் கரையோடு ஷாஞி வழியாக ஷலோன் நகரம் வரை போய்விடலாம். தட்டை, நிழல், தண்ணீர்க் கதவுகள். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் முடியவே முடியாதோ என்று தோன்றும். இரண்டு நல்ல பகுதிகளை இணைக்கும் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் ஏன் தெற்கே கை காட்டுகிறேன் என்பதற்கு வருகிறேன். ஷலோனுக்குப் பக்கத்தில் ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்ட பாதை. 1997-ல் திறந்தார்கள், பிரான்சில் 'வுவா வெர்த்' (பசுமைப் பாதை) என்ற பெயரோடு வந்த முதல் பாதை இதுதான். பின்னர் இதை மக்கோன் வரை நீட்டினார்கள். 2004-ல் சாலைச் சட்டத்திலேயே இந்த வகைப் பாதைக்கு இடம் கிடைத்தது: மோட்டார் வண்டி கூடாது, நடப்பவர், சைக்கிள்காரர், குதிரையில் வருபவர் மட்டும்.

ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் இருப்பதே காலுக்குத் தெரியாது. என் கணவர் சைக்கிள் விரும்பியே அல்ல. மேடு கண்டால் இறங்கித் தள்ளுகிற ரகம். அவரை வருடா வருடம் திரும்பக் கூட்டிவந்தது இந்தப் பாதைதான். பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக்கொண்டு பேசலாம். சாலையில் குடும்பமாகப் போகும்போது ஒருவர் பின் ஒருவராக, 'பின்னால கார்!' என்று கத்திக்கொண்டேதான் போக வேண்டும். இங்கே வீட்டுக் கடன் முதல் மகளின் கணக்கு மதிப்பெண் வரை எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருக்கிறோம். போனில் இருக்கிற தோட்ட நெருக்கம் இங்கே இல்லை, உண்மைதான். ஜிவ்ரி, புஸ்ஸி பக்கம் திராட்சை. நடுவில் மேய்ச்சல் நிலமும் வெள்ளைச் சாரொலே மாடுகளும். பிறகு தெற்கே மறுபடி திராட்சை. இந்த மாறுதலே எனக்கு வசதி. பத்து கிலோமீட்டர் கொடிகளையே பார்த்தால் குழந்தைகளுக்குச் சலித்துவிடும்.

குறை உண்டா? உண்டு. மர வேர்கள் தாரைத் தூக்கிவிட்ட இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். குறுக்கே சாலை வரும் இடமெல்லாம் தடுப்புக் கம்பிகள். டிரெய்லர் இழுத்த நாளில் அவற்றைத் தாண்டுவது பெரும்பாடு. ஞாயிறு மதியம் ஸ்கேட் சக்கரக்காரர்கள், நாய்கள், முதல் சைக்கிள் கற்கும் வாண்டுகள் எல்லாம் சேர்ந்து திருவிழாக் கூட்டம். என் சைக்கிளில் அதிகம் தேய்ந்த பாகம் பெல்தான்.

க்ளூனிக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 910-ல் தொடங்கிய மடம். ரோமில் இப்போதைய புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கோயில் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, இடித்து, கல்லாக எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சிய சிறு பகுதியின் எண்கோணக் கோபுரத்தைப் பார்த்து முழுதும் எவ்வளவு இருந்திருக்கும் என்று கழுத்து வலிக்க யோசிக்கலாம்.

அடுத்து போவா கிளேர் சுரங்கம், 1.6 கிலோமீட்டர். ஆகஸ்ட் வெயிலில் உள்ளே நுழைந்ததும் உடம்பில் வேர்வை சட்டென்று உறையும். ஒரு மெல்லிய ஜாக்கெட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். முன் விளக்கும் கட்டாயம். குளிர்காலத்தில் வௌவால்களுக்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மேலே சாலை வழியாக ஏறித்தான் இறங்க வேண்டும். மறுபக்கம் வெளியே வந்தால் பெர்ஸே கோட்டையும் அதன் கீழே தோட்டங்களும். மொத்தப் பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த காட்சி.

சாப்பாடும் தண்ணீரும். பன்னிரண்டு முதல் இரண்டு வரை சின்ன ஊர்களில் கடை எதுவும் திறந்திருக்காது. திங்கட்கிழமை பேக்கரியும் பெரும்பாலும் மூடல். தண்ணீருக்கு இங்கத்திய சைக்கிள்காரர்கள் போவது ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு. பூந்தொட்டிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்', அதாவது குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ரொட்டி, மக்கோன் பக்கத்துக் குட்டி ஆட்டுப்பால் சீஸ், கூஜேர் என்கிற சீஸ் பஃப் இவற்றை வைத்து ஒப்பேற்றலாம். சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டை இந்த ஊர்ச் சிறப்பு. அதில் பன்றி இறைச்சித் துண்டுகளும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒயின்? சைக்கிளில்தானே போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. தாண்டினால் 135 யூரோ அபராதம். ஒயின் சுவைக்கத் தரும் இடங்களில், சுவைத்துவிட்டுத் துப்புவதற்குக் கூடவே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை, தொழில்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். போன் பக்கத்துப் பெயர்பெற்ற ஒயின் தயாரிப்பாளர்களிடம் முன்கூட்டியே நேரம் வாங்காமல் கதவைத் தட்டிப் பயனில்லை. புஸ்ஸியில் 1931-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் கடை பாதைக்கு அருகிலேயே இருக்கிறது. வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருகிறார்கள். நிரம்பிய பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும். ஊர் திரும்பும் நாளில் வாங்குங்கள்.

சைக்கிளைப் பற்றி: என்னுடையது இரும்புச் சட்டம், 38 மில்லிமீட்டர் டயர், பின்னால் இரண்டு பை. இந்தப் பாதைகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. மட்கார்டு இருந்தால் நல்லது. மழைக்குப் பிறகு தோட்டப் பாதையில் டிராக்டர் உதிர்த்த களிமண் செயினில் ஒட்டி, காய்ந்தால் கல்லாகிவிடும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 2017 முதல் ஹெல்மெட் கட்டாயம். தங்குமிடத்தில் 'அக்கேய் வேலோ' (சைக்கிளுக்கு வரவேற்பு) முத்திரை இருந்தால் சைக்கிளைப் பூட்டிவைக்கப் பத்திரமான இடமும் பழுது பார்க்கச் சில கருவிகளும் கிடைக்கும்.

போர்தோ பக்கம் ரோஜே லப்பெபி பாதையும் போயிருக்கிறோம். 1937-ல் டூர் தெ பிரான்ஸ் வென்றவரின் பெயர். அதுவும் பழைய ரயில் தடம்தான், நிழல் அருமை. ஆனால் பெரும்பகுதி மரங்களுக்கு நடுவே போகிறது; திராட்சை பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

முதல் முறை என்றால் ஷலோனில் இறங்கி, தெற்கு நோக்கி, இரவு க்ளூனியில் தங்கி, மறுநாள் மக்கோனில் ரயில் பிடியுங்கள். சோன் பள்ளத்தாக்கில் வடகாற்று அடிக்கத் தொடங்கினால் அது முதுகைத் தள்ளும். எதிர்த் திசையில் போனால் உயிரை எடுக்கும். மே மாத நீண்ட விடுமுறைகளில் ஞாயிறு மாலை ரயிலில் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் சீக்கிரமே நிரம்பிவிடும், மதிய வண்டியையே பிடித்துவிடுங்கள்.