மானசரோவர் யாத்திரைச் சேவை: சாப்பாடு நன்று, பயணத்திட்டம் அவசரம்

தட்சிண கைலாசமான திருக்கோணேஸ்வரத்தின் நிழலில் வாழும் எங்கள் ஊர் முதியவர்களுக்கு, வட கைலாசத்தையும் மானசரோவரையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நம்பி நடக்கும் சேவை ஒன்றில், ஓய்வுபெற்றோரே மிகுந்த குழுவுடன் சென்று வந்தேன்.

சாப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் உள்ள ஏரிக்கரையில் தண்ணீர் 85 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் சோறு சரியாக வேகாது. நேபாளச் சமையற்காரர் பிறஷர் குக்கர்களைக் காவி வந்து சோறும் பருப்பும் சூடாகத் தந்தனர். (சம்பல் நாங்கள் கொண்டுபோனது.)

குறை பயணத்திட்டத்தில்தான். காத்மாண்டு 1,400 மீற்றர். நேபாள எல்லைக்கு அப்பால் திபெத்திலுள்ள கேரோங் ஏறத்தாழ 2,800. அடுத்த தங்குமிடமான சாகா 4,500 அளவில் உள்ளது. 3,000 மீற்றருக்கு மேலே, உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது அறிவுரை. அந்தப் பாதையில் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாதுதான். அதனாலேயே கேரோங்கில் கூடுதலாக ஓர் இரவு தங்குவது அவசியம். எங்கள் முகவரோ அந்த இரவைக் காத்மாண்டுக் கடைத்தெருவுக்குக் கொடுத்துவிட்டார். சாகாவில் பலர் தலையிடியோடு உணவைத் தொடாமல் படுத்தனர். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியில் அளவு மிகவும் இறங்கியிருந்த ஓர் அம்மாவை, அவர் எவ்வளவு மன்றாடியும், வழிகாட்டி கீழே அனுப்பிவைத்தார். அந்த உறுதிக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஏரியில் இறங்கி நீராட இப்போது அனுமதி இல்லை. வாளியில் அள்ளிக் கரையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் ‘புனித நீராடல்’ என்று மட்டும் போட்டிருந்தது நேர்மையன்று. ஆயினும் வடமேற்குக் கரையில் சியூ மடாலயம் அமைந்த குன்றில் ஏறியவர்கள் அதையெல்லாம் மறந்துபோனோம்: வடக்கே 6,638 மீற்றர் கைலாசம், தெற்கே 7,694 மீற்றர் குர்லா மாந்தாதா, அடிவாரத்துக் கிராமத்தில் மதில்கள்மேல் அடுக்கிக் காயவைத்த யாக் எருவரட்டிகள். மேற்கே, இராவணன் தவமிருந்ததாகச் சொல்லப்படும் இராட்சச ஏரியில் பேருந்து நிற்கவே இல்லை. கோணேஸ்வரத்து மலைப்பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்திலிருந்து போனவர்களுக்கு அது பெரும் மனக்குறை.

கேரோங்கில் இரண்டு இரவுகள் தங்கவைப்பதாக எழுத்தில் தந்தால் இதே முகவரிடமும் தாராளமாகப் போகலாம். தராவிட்டால் முற்பணம் கட்ட வேண்டாம்.