சாம் நுவாவுக்கு இரண்டு மலைச்சாலைகள்: போன்சவன் வழியா, நோங் கியாவ் வழியா?

லாவோஸின் வடகிழக்கு மூலையில், வியட்நாம் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஹுவாபான் மாகாணத்தின் தலைநகர் சாம் நுவா. லுவாங் பிரபாங்கிலிருந்து உள்ளூர்ப் பேருந்தில் அங்கே போக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 13-ஆம் எண் சாலையில் தெற்கே பூ கூன் முகடு வரை வந்து, அங்கிருந்து 7-ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பி, சியெங் குவாங் மாகாணத்துப் போன்சவன் நகரில் தங்கி, பிறகு வடக்கே ஏறுவது. இரண்டாவது, வடக்கே நாம் ஊ ஆற்றங்கரையில் இருக்கும் நோங் கியாவை அடைந்து, அங்கிருந்து வியெங் தோங் என்னும் சிற்றூர் வழியாக மலைத்தொடர்களைக் குறுக்கே கடப்பது. இரு சாலைகளும் சாம் நுவாவுக்குத் தெற்கே மலைமேல் ஒன்றாகிவிடுவதால், கடைசிச் சில மணி நேரப் பயணம் இரண்டுக்கும் பொது. இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பலர் பயண நேரத்தையும் இயற்கைக் காட்சியையும் மட்டும் வைத்து முடிவு செய்கிறார்கள். அது போதாது என்பதே இரு வழிகளிலும் சென்று வந்த என் கருத்து.

2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து வியன்டியான் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, லாவோஸ் பயணம் என்றாலே வியன்டியான், வாங் வியெங், லுவாங் பிரபாங் என்ற ஒரே கோட்டில் முடிந்துபோவது வழக்கமாகிவிட்டது. முன்பு ஒரு நாளைத் தின்ற மலைப்பாதையை ரயில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அந்தத் தண்டவாளம் கிழக்குப் பக்கம் திரும்பவில்லை. சியெங் குவாங்கும் ஹுவாபானும் இன்றும் பேருந்தையும் மினிவேனையும், பின்புறம் இரண்டு நீள இருக்கைகள் வைத்த சோங்தெயோ வண்டியையும் நம்பித்தான் இருக்கின்றன. வியட்நாம் போர்க்காலத்தில், 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் இவையும் அடங்கும். அந்த ஒன்பது ஆண்டுகளில் லாவோஸின் மீது சுமார் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டினார்கள். இதை எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை, இரவும் பகலும், ஒன்பது ஆண்டுகள் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். கொத்துக்குண்டுகளுக்குள் இருந்த சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி; அவற்றில் ஏறத்தாழ 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. டென்னிஸ் பந்து அளவுள்ள இந்தச் சிறுகுண்டை லாவோ மக்கள் 'பம்பி' என்று அழைக்கிறார்கள். போர் முடிந்த பிறகும் இத்தகைய மிச்சங்களால் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ உறுப்பிழந்தோ போயிருக்கிறார்கள்.

முதலில் பயணத்தின் உடல் உழைப்பைப் பார்ப்போம். தெற்கு வழியில் லுவாங் பிரபாங்கிலிருந்து போன்சவனுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம், அங்கிருந்து சாம் நுவாவுக்கு மறுபடியும் ஏறக்குறைய அதே அளவு. வடக்கு வழியில் நோங் கியாவுக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். அதற்கு அப்பால் ஒரு முழு நாள் பிடிக்கும், வியெங் தோங்கில் இறங்கித் தங்கினால் இரண்டு அரை நாட்கள் ஆகும். மொத்த நேரத்தில் வடக்கு வழி சற்றுக் குறைவுதான். ஆனால் அந்தச் சேமிப்பு உறுதியானதல்ல. போன்சவன் ஒரு மாகாணத் தலைநகர். அங்கிருந்து சாம் நுவாவுக்குக் காலையில் புறப்படும் வண்டியில், முன்னதாகவே நிலையத்துக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும். நோங் கியாவிலோ, லுவாங் பிரபாங்கிலிருந்து ஏற்கெனவே நிரம்பி வரும் வண்டியைச் சாலையோரம் காத்திருந்து நிறுத்தி ஏற வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே அரிசி மூட்டைகள், அவற்றின் மேல் பிளாஸ்டிக் முக்காலிகள், கூரையில் கட்டிய மோட்டார் சைக்கிள், காலடியில் கோழிக் கூடை என்று வரும் அந்த வண்டியில் ஐந்து மணி நேரம் நின்றபடியோ முக்காலியில் குந்தியபடியோ போக நேரலாம். நோங் கியாவில் இறங்கத் திட்டமில்லாதவர் லுவாங் பிரபாங்கிலேயே சாம் நுவா வண்டியில் ஏறிவிடுவது நல்லது.

வளைவுகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பூ கூன் ஏற்றத்திலும் வியெங் தோங் ஏற்றத்திலும் நடத்துநர் பிளாஸ்டிக் பைகளை வழங்கிக்கொண்டே வருவார். வாந்தி எடுப்பதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. சாலையின் தரத்தில் 7-ஆம் எண் சாலை மேலானது. மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவு இரண்டையும் அடைக்கக்கூடும் என்றாலும், வடக்கில் சிக்கிக்கொண்டால் ஒதுங்குவதற்குச் சிற்றூர்களே உண்டு. அந்த மாதங்களில் நான் வடக்கு வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். மார்ச், ஏப்ரலில் மலைக்காடுகளை எரித்துப் பயிரிடும் புகை இரு பக்கமும் காட்சியை மறைத்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் போன்சவனில் டிசம்பர் இரவுகள் கம்பளி இல்லாமல் தாங்காது.

எந்த வழியானாலும் ஒரு கட்டுப்பாடு மாறாது. இந்தப் பேருந்துகளில் கழிப்பறை இருக்காது. வண்டி நடுவழியில் நிற்கும்போது எல்லாரும் சாலையோரமாகவே ஒதுங்குவார்கள். கூச்சப்பட்டு மறைவு தேடிப் புதருக்குள் தள்ளிப் போவது இந்த மண்ணில் ஆபத்து. ஊர்க்காரர்கள் காலடி பட்ட இடத்தைத் தாண்டி நாம் போகக்கூடாது. பெண்கள் ஒரு லுங்கியையோ நீளமான துண்டையோ கையில் வைத்திருந்தால், சாலை ஓரத்தை விட்டு விலகாமலேயே சமாளிக்க முடியும்.

இனி, வழியில் காண்பவற்றைப் பார்ப்போம். என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான்.

போன்சவன் அழகான ஊர் அல்ல. அகலமான தெருக்களும் சிமெண்ட் கட்டடங்களுமாகப் பரந்து கிடக்கும் புதிய ஊர் அது. புதியதாக இருப்பதற்குக் காரணம், பழைய தலைநகரான முவாங் கூன் குண்டுவீச்சில் அழிந்துபோனதுதான். போன்சவனிலிருந்து தென்கிழக்கே சோங்தெயோவில் ஒரு மணி நேரத்துக்குள் முவாங் கூனை அடையலாம். அங்கே வாட் பியா வாட் கோயிலின் கூரையும் சுவர்களும் போய், செங்கல் தூண்கள் மட்டும் நிற்க, நடுவில் தீயில் கருகிய பெரிய புத்தர் திறந்தவெளியில் அமர்ந்திருக்கிறார். யாரோ தினமும் மலர் வைக்கிறார்கள். நான் போன காலையில் அங்கே வேறு பயணிகள் இல்லை.

போன்சவனைச் சுற்றியுள்ள ஜாடிச் சமவெளி 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இரும்புக் காலத்தில் இறந்தோருக்கான சடங்குகளில் பயன்பட்டவை என்று கருதப்படும் 2,100-க்கும் மேற்பட்ட கல் ஜாடிகள் அந்தப் பட்டியலில் அடங்கும் இடங்களில் உள்ளன. 1930-களில் மத்லேன் கொலானி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இவற்றை முறையாக ஆராய்ந்தார். நகருக்கு அருகிலுள்ள முதல் தளத்தில், ஆளுயர ஜாடிகளுக்கு இடையிலேயே குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. நடக்கும் பாதையின் இருபுறமும், வெடிக்காத குண்டுகளையும் கண்ணிவெடிகளையும் அகற்றும் மேக் (MAG) நிறுவனம் பதித்த சிறு கற்களைக் காணலாம். வெள்ளை நிறம் பார்க்கும் பக்கம் வெடிபொருள் அகற்றப்பட்டது, சிவப்புப் பக்கம் அகற்றப்படாதது. 1994 முதல் லாவோஸில் இயங்கும் இதே நிறுவனம் இலங்கையின் வடக்கிலும் கண்ணிவெடி அகற்றி வருவதால், வன்னியைப் பார்த்த தமிழருக்கு அந்தக் கற்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. போன்சவனில் இந்த நிறுவனத்தின் தகவல் மையத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டுப் பிறகு ஜாடிகளைப் பார்க்கப் போவது நல்லது.

மூன்றாம் தளத்துக்குப் போகும் பக்கத்தில் பான் நாபியா என்ற கிராமம் இருக்கிறது. போரின் அலுமினியக் கழிவுகளை வீட்டு முற்றத்து உலையில் உருக்கி, மரமும் சாம்பலும் கொண்டு செய்த அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். கரண்டி வாங்கலாம், அது அவர்களுடைய உழைப்பு. குண்டின் பாகங்களை அப்படியே நினைவுப்பொருளாக விற்றால் வாங்கக் கூடாது. அந்தச் சந்தைக்காக யாரோ ஒரு சிறுவன் மறுபடியும் வயலைத் தோண்டப் போவான்.

எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தியது தாம் பியூ குகை. போன்சவனிலிருந்து முவாங் காம் போகும் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறையின் நடுவே இருக்கும் அந்தக் குகையில் ஊர் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி மாதக்கணக்காக ஒளிந்திருந்தார்கள். 1968 நவம்பர் 24 அன்று ஒரு விமானம் ஏவிய ராக்கெட் உள்ளே பாய்ந்து 374 பேர் மாண்டார்கள். உள்ளே கல்லும் கருமையும் தவிர ஒன்றுமில்லை. சாம் நுவாவுக்குப் போகும் பேருந்தும் இந்தப் பக்கமாகவே போகிறது என்றாலும் நடுவழியில் இறங்கினால் அடுத்த வண்டிக்கு உத்தரவாதமில்லை; ஆகவே போன்சவனில் தங்கும் நாட்களிலேயே மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துப் போய்வருவது மேல்.

வடக்கு வழிக்கு வேறு வகையான செல்வம் உண்டு. நோங் கியாவில் ஆற்றின் இருபுறமும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகளும், விடியற்காலையில் அவற்றின் இடுப்பில் தங்கும் மூடுபனியும் தெற்கு வழியில் எங்கும் கிடையாது. ஒரு காலத்தில் லுவாங் பிரபாங்கிலிருந்தே படகில் இங்கே வர முடிந்தது. நாம் ஊ ஆற்றின் குறுக்கே சீன நிறுவனம் ஏழு அணைகளை வரிசையாகக் கட்டிய பிறகு அந்தப் படகுவழி அறுந்துவிட்டது. மேலே முவாங் நோய் வரை ஒரு மணி நேரப் படகு இன்னும் போகிறது. ஊருக்குச் சற்றுக் கிழக்கே பா தோக் குகை, போர்க்காலத்தில் மக்களும், 1975-இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் இயக்கமான பாதேத் லாவோவின் நிர்வாகத்தினரும் தங்கிய இடம். வியெங் தோங்கில் வெந்நீர் ஊற்றும், நாம் எத்–பூ லோய் வனப்பகுதிக்குப் போகும் வாய்ப்பும் இருக்கின்றன. உடல் இளைப்பாற வேண்டுமானால் வடக்கு வழிக்கு இணையில்லை.

இரண்டு வழியும் போய்ச் சேரும் இடம் வியெங் சாய். சாம் நுவாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே, நூற்றுக்கணக்கான குகைகளுக்குள் பாதேத் லாவோ இயக்கம் 1964 முதல் 1973 வரை ஒரு நகரையே நடத்தியது. இயக்கத் தலைவர்களான கைசோன் பொம்விஹானும் சுபானுவோங் இளவரசரும் வாழ்ந்து திட்டமிட்ட அறைகள், மருத்துவமனைக் குகை, நாடகமும் கூட்டமும் நடந்த யானைக் குகை, நச்சுவாயுத் தாக்குதலுக்கு அஞ்சி அமைத்த, கையால் சுழற்றும் சோவியத் காற்றுப் பம்பு வைத்த அடைப்பறைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உயிர் பிழைத்தார்கள்.

வடக்கு வழியாக வருபவர் பா தோக்கையும் வியெங் சாயையும் பார்க்கிறார். இரண்டும் காப்பாற்றிய குகைகள். இரண்டும் வென்றவர்களின் குகைகள். குண்டுமழையில் பொறுமையாக இருந்து வென்றார்கள் என்ற ஒரே கதை அவர் மனதில் பதியும். தெற்கு வழியாக வருபவர் காப்பாற்றாத ஒரு குகையில் முதலில் நின்றுவிட்டு வருகிறார். சியெங் குவாங் சமவெளி ஒவ்வொரு பருவத்திலும் கைமாறிய போர்க்களம். வாங் பாவோ தலைமையில் சிஐஏ-வின் பணத்தில் போரிட்ட மோங் என்னும் மலைவாழ் இனத்து வீரர்கள் ஒரு பக்கம், பாதேத் லாவோவும் வட வியட்நாமியப் படைகளும் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே யார் பக்கமும் சேராத உழவர்கள். பாதேத் லாவோ பக்கம் நின்ற மோங் மக்களும் உண்டு. இவ்வளவையும் அறிந்து வியெங் சாய்க்குள் நுழைபவருக்குத்தான், 1975-க்குப் பிறகு இதே ஹுவாபான் மலைகளில் தோற்றவர்களுக்கான மறுகல்வி முகாம்கள் இருந்தன என்பதும், கடைசி மன்னர் சவாங் வத்தனா 1977-இல் இங்கே கொண்டுவரப்பட்டுத் திரும்பவே இல்லை என்பதும் உரிய கனத்தோடு தெரியும்.

ஆகவே என் முடிவு: போகும்போது போன்சவன், திரும்பும்போது நோங் கியாவ். போன்சவனில் மூன்று இரவுகளும் சாம் நுவாவில் இரண்டும் தங்கிவிட்டு, களைத்த உடலோடு ஆற்றங்கரைக்கு இறங்கினால் அந்த ஓய்வுக்கு ஒரு தகுதி வந்துவிடுகிறது. சாம் நுவாவிலேயே ஏறுவதால், வடக்குச் சாலையின் பெருங்குறையான இருக்கைச் சிக்கலும் திரும்பும் திசையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மொத்தம் ஐந்து நாட்களே உள்ளவர் நோங் கியாவை விட்டுவிட வேண்டும், போன்சவனை விடக்கூடாது. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் நான் இதை மாற்றிச் சொல்வேன். அவர்கள் நோங் கியாவோடு நின்று, பா தோக் குகையின் மரப்படிகளில் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வியன்டியானிலிருந்து போன்சவன் வழியாக ஓடும் இரவுப் பேருந்தை மூன்றாவது தேர்வாகச் சிலர் சொல்வதுண்டு. மலைகளையும் ஊர்களையும் இருட்டில் கடப்பதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

திரும்பாமல் நா மேயோ எல்லை வழியாக வியட்நாமின் தான் ஹோவா பக்கம் போக நினைப்பவர், மின்னணு விசாவை அந்த எல்லையின் பெயர் குறிப்பிட்டு முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும். தரை எல்லையில் வந்திறங்கி விசா பெற முடியாது. சாம் நுவாவில் தானியங்கிப் பண இயந்திரம் உண்டு என்றாலும், வழிச்செலவுக்கான லாவோஸ் நாணயமான கிப் நோட்டுகளைப் போன்சவனிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நிம்மதி. வியெங் சாய் குகைகளுக்குக் காலையிலும் பிற்பகலிலும் வழிகாட்டியோடு மட்டுமே அழைத்துப் போகிறார்கள் என்பதால், சாம் நுவா சந்தையில் ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சூப்பும் ஒரு பொட்டலம் ஒட்டும் சோறும் வாங்கிக்கொண்டு, காலையில் முதலில் புறப்படும் சோங்தெயோவைப் பிடித்துவிடுங்கள்.