இருட்டில் நிற்கும் கித்தா மரத்தை எப்படி அறிகிறோம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) பெருகிவிட்டது. ஆனாலும் அறிவைப் பற்றிய தத்துவம் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா பால் வெட்டிய கித்தா மரம், அதாவது ரப்பர் மரம்தான் நினைவுக்கு வரும். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் நிற்பார். வெளிச்சம் மரத்தின் ஒரு பக்கத்தில்தான் படும். அங்கே ஒரு மரம் நிற்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1641இல் எல்லாவற்றையும் சந்தேகித்தார். இது கனவாக இருக்கலாம், சந்தேகிக்கும் நான் இருப்பது மட்டும் உறுதி என்றார். துணிச்சல்தான். ஆனால் அங்கிருந்து மரத்துக்குத் திரும்பிவர, ஏமாற்றாத கடவுள் ஒருவர் அவருக்குத் தேவைப்படுகிறார். அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமுக்குப் புலன் பதிவுகளே அறிவுக்கு ஆதாரம். பட்டையின் நிறம், அதன் சொரசொரப்பு, உளி பட்டதும் வடியும் பால். இவை அடுத்தடுத்து வருவதால், பழக்கத்தில் நாம் காரணம், விளைவு என்று முடிச்சுப் போடுகிறோம் என்கிறார். நேர்மையான பேச்சு. இருந்தும் அம்மா நிறத்தையும் சொரசொரப்பையும் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்கவில்லை. மரத்தைத்தான் பார்த்தார்.

பொருள்கள் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் நிகழ்வியல் இங்கேதான் எனக்கு நெருங்கி வருகிறது. அதைத் தொடங்கிய தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் 1913இல், மரம் உண்மையில் உண்டா என்ற தீர்ப்பை நிறுத்திவைத்து, அது நமக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். கண்ணுக்குப் படுவது ஒரு பக்கம். ஆனால் அந்தப் பக்கமே மறுபக்கத்தையும் சுட்டுகிறது. சுற்றிப் போனால் பழைய வெட்டுத் தழும்பு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பார்வைக்குள்ளேயே இருக்கிறது. போய்ப் பார்த்தால் அது நிறைவேறலாம், பொய்த்தும் போகலாம். மனத்தை ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டு, வெளியே வர வழி தேடும் வேலையே இல்லை.

அப்புறம் அதே வழியில் வந்த மெர்லோ-பொந்தி. 1945இல், பார்வையற்றவரின் தொடுவுணர்வு கைத்தடியின் நுனிவரை நீள்கிறது என்று எழுதினார். பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழம் போனால் மரம் காயப்படும், குறைந்தால் பால் குறையும். "எவ்வளவு ஆழம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "வெட்டிப் பாரு, கைக்கே தெரியும்."

சரி, பாலை ஒப்படைக்கும் தோட்டத்து ஸ்டோரில், பாலில் எத்தனை விழுக்காடு ரப்பர் என்று தகராறு வந்தால்? கைப்பழக்கம் அங்கே செல்லாது, அளவுக்கருவி வேண்டும். ஹுஸ்ஸர்லும் அளவை வெறுக்கவில்லை. நாம் வாழும் உலகின் மேல் எழுந்த அறிவியல் அந்த அடித்தளத்தை மறந்துவிட்டதே என்பதுதான் 1936இல் அவருடைய கவலை. கருவியில் எண்ணைப் படிக்க, கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) முதலில் குனிந்து வாளிக்குள் பார்க்கத்தானே வேண்டும்.