ஸ்க்ரோல் கதையா, ஒரு நிமிட வீடியோவா?

இணையத்தில் செய்தியை எந்த வடிவில் சொல்வது? இரண்டு உதாரணம் பார்ப்போம். 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ‘ஸ்னோ ஃபால்’ செய்திக்கதையை இணையத்தில் வெளியிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பனிச்சறுக்கப் போன மூன்று பேர் பனிச்சரிவில் இறந்த சம்பவம். திரையைக் கீழே தள்ளத் தள்ள (ஸ்க்ரோல் செய்யச் செய்ய) மலையின் முப்பரிமாணப் படம் நகர்ந்து, யார் எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்று காட்டும். தப்பித்தவர்களின் வீடியோவும் கட்டுரைக்குள்ளேயே வரும். இடம்தான் கதை என்றால் இந்த வடிவத்தை அடிக்க ஆளில்லை. ஆனால் மாதக்கணக்கில் உழைப்பு; வடிவமைப்பாளர், புரோகிராமர் என்று ஒரு பட்டாளம் வேண்டும். சின்னப் பத்திரிகைக்குக் கட்டுப்படியாகாது.

வாஷிங்டன் போஸ்ட் 2019இல் டிக்டாக்கில் இறங்கியது வேறு கணக்கு. ஒரே ஆள் இரண்டு மூன்று பாத்திரமாக மாறி மாறிப் பேசி, அன்றைய செய்தியைக் குட்டி நாடகமாக்கினார். ஒரு போன் இருந்தால் போதும், நாளுக்கொன்று போடலாம். சிக்கல் என்னவென்றால், இது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. 2020இல் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தபோது, அங்கே ஆள் சேர்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாக இழந்தார்கள்.

என்னைக் கேட்டால், அன்றாடச் செய்திக்கு வீடியோதான். வெள்ளம், நிலச்சரிவு என்று வரைபடம் இல்லாமல் புரியாததற்கு மட்டும் ஸ்க்ரோல். சரி, அதையும் வெளியிடும் முன் சாதாரண போனில் திறந்து பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதில் சுற்றிக்கொண்டே நிற்கும்.