வாசகர் வட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சித் தளம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கோவையில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு கூட்டம் போடும். வருடத்துக்கொரு முறை இரண்டு நாள் விழா. இதற்கென்று வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் கட்டி, நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும் ‘தி ஈவண்ட்ஸ் காலண்டர்’ பிளகினை (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் மென்பொருள்) போட்டு, சில வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தங்கள் அமைப்புக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று வரும் நண்பர்கள் எடுத்த எடுப்பிலேயே எந்தத் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) என்றுதான் விசாரிக்கிறார்கள். தீம் எதுவானாலும் ஓடும். எங்களுக்குத் தளம் தேவைப்பட்ட காரணமே வேறு.

வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் ஒருமுறை கிளம்பிவிட்டால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. மண்டபம் மாறும், பேச்சாளருக்குக் காய்ச்சல் வரும், புதுப் படம் போடுவோம். பழைய படம் பாட்டுக்கு நாலு குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். கூட்டத்தன்று சாயங்காலம் பூட்டிய வாசலில் நின்றுகொண்டு யாராவது போன் செய்வார்கள். கடைசியாக முடிவானது எது என்று பார்க்க ஓரிடம் வேண்டும், எந்தப் படம் போனாலும் அதில் அந்த லிங்க் இருக்க வேண்டும், மாற்றம் வந்தால் அங்கே மட்டும் திருத்தினால் போதும் என்பதுதான் திட்டம். மற்றதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்தோம்.

ஃபேஸ்புக்கில் இலவசமாகவே நிகழ்ச்சிப் பக்கம் போடலாமே என்றார்கள். கணக்கு இல்லாதவர் திறந்தால் லாகின் செய்யச் சொல்லும். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். வாட்ஸ்அப்பைத் தாண்டி எந்தச் சமூக ஊடகத்திலும் கணக்கு வைத்துக்கொள்ளாதவர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லிங்க்கில் ஒரு சங்கதி இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். பிரவுசரில் பார்க்க அழகுதான். அதை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் சதவீதக் குறியும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ஆக ‘ம’ என்ற ஒரே எழுத்துக்கு 9 இடம் போய்விடும். ‘மார்கழி’ என்றால் கால், புள்ளி, இகரக் குறி எல்லாம் சேர்த்து 63. வேர்ட்பிரஸ் தரவுதளத்தில் முகவரியின் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதே 200 இடம்தான் என்பதால் நீளமான தமிழ்த் தலைப்புகள் நடுவில் வெட்டுப்படும். அதனால் தலைப்பு தமிழிலும் முகவரி ரோமன் எழுத்தில் சுருக்கமாகவும் என்று வைத்துக்கொண்டோம். தமிழார்வலர்களிடம் திட்டு வாங்கினேன். லிங்க்கைப் போனில் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது என்பதால் மாற்றவில்லை.

அடுத்தது நேரம். வேர்ட்பிரஸ் நிறுவியதும் நேர மண்டலம் உலகப் பொது நேரமான யூடிசி பூஜ்ஜியத்தில் இருக்கும். பட்டியலில் சென்னையைத் தேடினால் கிடைக்காது. ஆசியாவுக்குக் கீழே கொல்கத்தாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் செயலாளர் வழியாகத்தான் பார்த்தேன். ஒரு நாடகக் குழுவின் தளத்திலிருந்து நிகழ்ச்சியைத் தன் போன் காலண்டரில் சேர்த்துக்கொண்டவர் எனக்குக் கூப்பிட்டார். “ஏங் கண்ணு, நாடகம் ராத்திரி பதினொன்னரைக்குன்னு காட்டுதே, முடிஞ்சு வர பஸ்ஸு இருக்குமா?”

“ஆறு மணிக்குங்க சார். அவங்க தளத்துல நேரத்தைச் சரியா வைக்கலைங்க.”

“அதானே பார்த்தேன். பேய் நாடகமோன்னு நெனச்சுட்டேன்.”

அந்தத் தளத்தில் மாலை 6 என்றே இருந்தது. காலண்டருக்குப் போகும் கோப்பில் அது யூடிசி 6 மணியாகப் போனதால் நம் போன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. காலண்டரில் சேர்க்கும் பொத்தான் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போன வசதி. முந்தின நாள் போனே ஞாபகப்படுத்துவதால் ‘நாளைக்குத்தானே கூட்டம்?’ என்று கேட்டு வரும் அழைப்புகள் நன்றாகவே குறைந்தன.

படம் விஷயத்தில் டிடிபி கடைக்காரரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர் தருவது ஸ்டேட்டஸுக்கு ஏற்ற நெட்டைப் படம். லிங்க்கை அனுப்பும்போது தெரியும் முன்னோட்டத்துக்கு 1200க்கு 630 என்ற அளவில் படுக்கைப் படம் தேவை. நெட்டைப் படத்தைப் போட்டால் பேச்சாளரின் கழுத்து வரைக்கும் வெட்டி நடுத்துண்டை மட்டும் காட்டும். இப்போது இரண்டையும் கேட்டு வாங்குகிறோம். எழுத்தையும் தனியாகக் கேட்பேன். அது யூனிகோடு (எல்லாப் போனிலும் படிக்கக்கூடிய பொது எழுத்து முறை) அல்லாத வானவில் எழுத்துருவில் வரும், அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மாற்றியில் போட்ட பிறகும் ஒற்றும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும், ஒருமுறை கண்ணால் படித்துவிடுவது நல்லது. படத்தை மட்டும் ஏற்றிவிட்டு விவரத்தை எழுதாமல் விடும் தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கூகுளில் தேடுகிறவருக்கு அங்கே படிக்க ஒன்றுமே இருக்காது.

நிகழ்ச்சியின் தேதி, இடம், நேரத்தைக் கூகுளுக்குப் புரியும் வடிவத்தில் இந்தப் பிளகினே பக்கத்துக்குள் எழுதிவிடுகிறது. ஒத்திவைப்பு, ரத்து என்று குறிக்கவும் வசதி உண்டு. மழையால் கூட்டம் தள்ளிப்போனால் பக்கத்தை நீக்காமல் ‘ஒத்திவைப்பு’ என்று போட்டு விடுகிறோம். நீக்கினால், படத்தில் இருக்கும் லிங்க்கை டைப் செய்து பார்த்தவருக்கு ‘பக்கம் இல்லை’ என்றுதான் வரும். அவர் எங்களைத்தான் சந்தேகப்படுவார்.

பிளகினின் இலவசப் பதிப்பில் இல்லாத ஒன்று, திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி. ‘ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனி’ என்று ஒரேயடியாகப் போட்டுவைக்கக் கட்டணப் பதிப்பு வேண்டும். நாங்கள் வாங்கவில்லை. மாதம் ஒரு கூட்டத்துக்குப் பழைய பதிவை நகலெடுத்துத் தேதி மாற்றுவது பெரிய வேலையில்லை. தினமும் யோகா வகுப்பு நடத்துகிறவர் என்றால் காசு கொடுத்துவிடலாம்.

முன்பதிவு மாதக் கூட்டத்துக்குக் கிடையாது, விழாவுக்கு மட்டும். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுத்து அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால், 200 ரூபாய் சீட்டில் 4 ரூபாய் 72 காசு போகும். அது பரவாயில்லை. தொந்தரவு வேறிடத்தில் இருந்து வந்தது. தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று, பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் கேஷ் (cache) பிளகின் போட்டிருந்தால், இடம் நிறைந்த பிறகும் சேமித்து வைத்த பழைய பக்கம் ‘இன்னும் இடம் உண்டு’ என்றே சொல்லும். பதிவுப் பக்கத்தை மட்டும் கேஷிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். படிவத்தில் பெயரும் போன் எண்ணும் மெயில் முகவரியும் போதும். வயது, வீட்டு முகவரி, தொழில் என்று வாங்கி வைத்தால் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது வீண் சுமை.

நினைவூட்டல் மெயிலுக்கும் ஒரு பாடு உண்டு. காலை 8 மணிக்குப் போகச் சொல்லி வைத்தாலும், வேர்ட்பிரஸ்ஸின் உள்கடிகாரம் யாராவது தளத்தைத் திறந்தால்தான் அசையும். எங்களுடையதைப் போல அதிகம் பேர் வராத தளத்தில் முதல் ஆள் பத்து மணிக்கு வந்தால் மெயிலும் அப்போதுதான் கிளம்பும். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கின் பேனலில் கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்று போட்டுத் தீர்த்தோம். மெயில் ஸ்பேமுக்குப் போவது தனி வழக்கு: 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புகிறவர் யாரானாலும் மெயில் அவரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருந்தாக வேண்டும் என்கிறது. டொமைன் (தளத்தின் பெயர்) அமைப்பில் அதைச் சேர்த்து, மெயிலையும் எஸ்எம்டிபி (மெயில் சர்வரில் உள்நுழைந்து அனுப்பும் முறை) வழியாக அனுப்பத் தொடங்கிய பிறகு பெரும்பாலும் இன்பாக்ஸுக்கே போகிறது.

செலவென்று பார்த்தால் டொமைனும் ஹோஸ்டிங்கும்தான். ஹோஸ்டிங் முதல் வருடம் தள்ளுபடியில் கிடைக்கும். புதுப்பிக்கும்போது வரும் தொகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டொமைனை அமைப்பின் மெயில் முகவரியில் பதிவு செய்யுங்கள், உற்சாகமாக முன்வந்த தம்பியின் பெயரில் வேண்டாம். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிடும். விழா நெருங்கும் வாரத்தில் எந்த அப்டேட்டையும் நான் தொடுவதில்லை.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் பழைய பக்கங்கள். கூட்டம் முடிந்ததும் உரையின் யூடியூப் இணைப்பு, பேசிய நூலின் பெயர், இரண்டு படங்கள் என்று அதே பக்கத்தில் சேர்க்கிறோம். நூல் பெயரைத் தேடி வருகிறவர்கள் வரவிருக்கும் கூட்டத்தைப் பார்க்கத் தளத்துக்கு வருகிறவர்களைவிட அதிகம். பேச்சாளர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல இந்த லிங்க்கையே அனுப்புகிறார்கள். இதில் கவனம் ஒன்று வேண்டும். இந்தப் பிளகினில் அரங்கு ஒரு தனிப் பதிவு. அதைத் திருத்தினால் அதோடு இணைந்த எல்லா நிகழ்ச்சிகளிலும் மாறும். வரப்போகும் கூட்டங்களுக்கு அது வசதி. ஆனால் நாங்கள் வழக்கமாகக் கூடும் நூலகம் வேறு தெருவுக்குப் போனபோது பழைய பதிவைத் தொடாமல், புது முகவரிக்கு இன்னோர் அரங்கு சேர்த்தோம். திருத்தியிருந்தால், பழைய கட்டடத்தில் நடந்த கூட்டங்கள் அத்தனையும் புதுத் தெருவில் நடந்ததாகக் காட்டியிருக்கும்.