பழைய லப்டொப்புக்கு ஐஸ்டபிள்யூஎம்

கல்லடியில் என் ரியூசன் வகுப்பில் இருப்பது 2 ஜிபி ரெம் லப்டொப். அதில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, மேலே ஜன்னல்களைக் காட்டி நிர்வகிக்கும் ஐஸ்டபிள்யூஎம் (IceWM) என்ற சின்ன மென்பொருளை மட்டும் வைத்திருக்கிறேன். ஓன் செய்தால் கறுப்புத் திரைதான். பெயரும் பாஸ்வேர்டும் அடித்து, ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டினால்தான் ஜன்னல்கள் வரும். அந்தக் கட்டளை எதைத் திறக்க வேண்டும் என்பதை ‘எக்ஸினிட்ஆர்சி’ (.xinitrc) கோப்பின் கடைசி வரியில் எழுதிவிட வேண்டும். கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் அதைக் கண்டுகொள்ளாது.

ஐஸ்டபிள்யூஎம் 1997 இல் தொடங்கிய பொருள். முகமும் அந்தக் காலத்து விண்டோஸ்தான். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். லிப்ரே ஒபிஸில் தமிழ்க் கேள்வித்தாள் அடிக்கும்போது திணறுவதேயில்லை.

குறை என்றால் வைஃபை ஐகன். அது தானாக வராது, நெட்வொர்க் மனேஜரின் சின்னச் செயலியைத் தனியாகப் போட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற முழு டெஸ்க்டொப் பக்கம் போகலாம், ஆனால் அது ரெம் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்.