மூன்று ஆண்டுகளாக உப்பைக் குறைத்து வாழ்கிறேன்

உப்புதல் என்றால் வீங்குதல் என்ற பொருளை என் கணுக்கால்களிடம்தான் கற்றேன். காலுறையைக் கழற்றினால் அதன் விளிம்பு பதிந்த பள்ளம் வெகுநேரம் மறையாது. படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகி, பிறகு மூன்றானது. இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய வலுவோடு ரத்தத்தை இறைக்காததால் உடலில் நீர் தேங்குகிறது என்றார் மருத்துவர். உப்பிலுள்ள சோடியம் அந்த நீரைப் பிடித்துவைக்கும் என்பதால், மாத்திரைகளோடு, நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்தைத் தாண்டக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்.

அதை 2 கிராம் உப்பு என்று படித்துவிட்டு முதல் பத்து நாள் பட்டினிக்குப் பக்கத்தில் கிடந்தேன். உப்பின் எடையில் 40 சதவீதம்தான் சோடியம். ஆகவே 2,000 மி.கி. சோடியம் என்பது 5 கிராம் உப்பு, சற்றுக் குறைவான ஒரு தேக்கரண்டி. இது தெரிந்ததும் மகிழ்ந்துபோய் அவ்வளவையும் சமையலிலேயே போட்டுக்கொண்டேன்; கால் மறுபடி வீங்கியது. ரொட்டி, சூப் பொட்டலம், சாஸ், பாலாடைக்கட்டி எல்லாம் தங்கள் பங்கை முன்பே உள்ளே இறக்கியிருந்தன. ரொட்டியை மென்றால் உப்புக் கரிப்பதில்லை. ஆனால் ஒரு துண்டிலேயே 100 முதல் 200 மி.கி. சோடியம் இருக்கலாம். கேக்கில் சேரும் சமையல் சோடாவும் இதே கூட்டம்தான். நாக்கை நம்பி இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

அன்றிலிருந்து உறைகளில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கிறேன். அதிலும் ஒரு தந்திரம் உண்டு: எண் ஒரு பரிமாறும் அளவுக்கானது, நாம் தின்பதோ இரண்டரை மடங்கு. 'சோடியம் குறைக்கப்பட்டது' என்றால் அதே பொருளின் பழைய வகையைவிடக் குறைவு, அவ்வளவுதான். பாறை உப்பு, கடல் உப்பு என்று நிறம் காட்டி விற்பவற்றிலும் சோடியம் ஏறக்குறைய அதேதான்.

சுவை? முதல் ஆறு வாரம் எனக்குக் கொடுமை. எலுமிச்சை, மிளகு, பூண்டு, வினிகர் என்று ஒவ்வொன்றாகத் துணைக்கு அழைத்தேன். எல்லாவற்றிலும் அரை உப்புப் போட்டு எல்லாவற்றையும் கெடுப்பதைவிட, ஒன்றில் மட்டும் அளந்து போட்டுவிட்டு மற்றவற்றை உப்பில்லாமல் உண்பது எனக்கு ஒத்துவந்தது. இப்போது பழைய அளவில் உப்புப் போட்டதை வாயில் வைத்தால் எனக்கே கசக்கிறது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், யாரையும் கேட்காமல் 'மாற்று உப்பு' வாங்கியது. அது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. நான் விழுங்கும் ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிவிட்டது. அது மேலும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். நுரைத்துக் கரையும் மாத்திரைகளையும் அப்போதே கைவிட்டேன். அவற்றில் சில வகைகளில் ஒரு மாத்திரையிலேயே 400 மி.கி. வரை சோடியம் இருக்கிறது.

பலன் என்னவென்றால், தலையணை மீண்டும் ஒன்றாகிவிட்டது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையின் அளவை மருத்துவர் பாதியாக்கினார், நானாகக் குறைக்கவில்லை. இதையெல்லாம் உப்பின் கணக்கில் மட்டும் எழுதுவது மற்ற மாத்திரைகளுக்குச் செய்யும் துரோகம். 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் நடத்திய சோடியம்-எச்எஃப் ஆய்வில், 1,500 மி.கி.க்குக் கீழே போக முயன்றவர்களுக்கு இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ தெளிவாகக் குறையவில்லை; அன்றாட வாழ்க்கைத் தரம் மட்டும் ஓரளவு மேம்பட்டது. எனக்கோ அந்த மேம்பாடும் கிட்டவில்லை. ஒரு கட்டத்தில் நானும் வீம்புக்கு 1,500க்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். பசி செத்தது, உடம்பு இளைத்தது. மருத்துவரே மீண்டும் 2,000க்கு ஏற்றிவிட்டார்.

வெளியே சாப்பிடுவதற்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை. சாஸைத் தனியாகக் கேட்பேன். உள்ளே வெந்த உப்பை யார் எடுப்பது? தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், எதையும் உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறிக்கிறேன். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அழைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். நேற்று ஒரு விருந்துக்குப் போனேன். இன்று 900 கிராம் கூடுதல். நோட்டில் எழுதி, பக்கத்தில் 'சூப்' என்று குறித்திருக்கிறேன்.